ஒரு மைலுக்கு ஆறு பென்ஸ்: 1853-இல் லண்டன் வாடகைக் குதிரை வண்டிகள் நின்ற மூன்று நாட்கள்

1853 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை நள்ளிரவு. லண்டன் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்த வாடகைக் குதிரை வண்டிகள் கொட்டகைக்குத் திரும்பின. புதன்கிழமை பொழுது விடிந்தபோது அவை வெளியே வரவில்லை. அன்றைய உலகின் மிகப் பெரிய நகரத்தில், ரயிலை விட்டு இறங்கியவர்கள் பெட்டியும் கையுமாக நிலைய வாசலில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை வரை இதே நிலைதான்.

இதற்கு ஒரு மாதத்துக்கு முன் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. மக்கள் கேட்ட சட்டம்தான், நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டதுதான். அதன் பல பிரிவுகள் இன்று படித்தாலும் நியாயமாகவே தெரிகின்றன. பிறகு ஏன் வண்டிகள் நின்றன என்பதே இந்த ஆய்வின் கேள்வி. 1853-இன் ஓட்டுநர்கள், கொட்டகை முதலாளிகள், பயணிகள் யாருக்கும் இதில் பெயர் இல்லை. பொதுப் பதிவில் உள்ள அரசுப் பொறுப்பாளர்கள் சிலரை மட்டும் பெயரோடு குறிப்பிட்டிருக்கிறேன்.

நாணயக் கணக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் பின்னால் தடுமாற வேண்டியிருக்காது: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

பின்னணி: இருநூறு ஆண்டுக் கட்டுப்பாடு

லண்டனின் வாடகைக் கோச்சு வண்டிகள் முதலில் சத்திரங்களின் முற்றத்தில்தான் காத்திருந்தன. 1634-இல் பெய்லி என்ற முன்னாள் கடற்படைக்காரர் ஸ்ட்ராண்ட் சாலையில் நான்கு வண்டிகளைத் தெருவிலேயே நிறுத்தினார். ஓட்டுநர்களுக்குச் சீருடை கொடுத்து, எந்த இடத்துக்கு எவ்வளவு வாங்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தார். நகரின் முதல் வண்டி ஸ்டாண்டு அதுதான். ஒருவருக்கு ஓடிய தொழிலைப் பார்த்து மற்றவர்களும் வண்டியோடு வந்து நின்றுவிட்டார்கள்.

மறு ஆண்டே மன்னர் முதலாம் சார்லஸின் அறிவிப்பு வந்தது. ஊரைவிட்டு மூன்று மைலுக்காவது வெளியே போகும் பயணத்துக்கு அன்றி நகருக்குள் வாடகைக் கோச்சு ஓடக்கூடாது. அதற்கு அறிவிப்பே சொன்ன காரணங்கள்: தெரு அடைபடுகிறது, கல்பாவிய தளம் உடைகிறது, வைக்கோலும் தீவனமும் விலையேறுகின்றன. மூன்றாவது காரணத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டிக்கும் தீவன விலைக்கும் உள்ள உறவு 1635-இல் அரண்மனைக்குத் தெரிந்திருந்தது.

தடையை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. தடுக்க முடியாததை எண்ணி உரிமம் கொடுக்கலாம் என்று அரசு வழிமாறியது. 1654-இல் குரோம்வெல் ஆட்சியின் கட்டளை, 1662-இல் 400 வண்டிகளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு வீதம் உரிமம், 1694-இல் 700 வண்டிகள், அதற்கென்று தனி ஆணையர்கள். 18-ஆம் நூற்றாண்டில் உச்சவரம்பு நூறு நூறாக ஏறியது, கூடவே வாராந்திர வரியும் ஏறியது. முதலில் வாரம் 5 ஷில்லிங், பிறகு 10. போர்களுக்குப் பணம் தேவைப்பட்ட காலம் அது. வண்டிச் சட்டங்கள் பலவற்றின் பின்னே தெரு ஒழுங்கைவிடக் கருவூலத்தின் பசிதான் அதிகம் தெரிகிறது.

வண்டிகளின் எண்ணிக்கையைக் கட்டிப்போட்டதன் விளைவு வண்டியின் தரத்தில் தெரிந்தது. பெரிய மனிதர்கள் கழித்துக்கட்டிய பழைய கோச்சுகளை முதலாளிகள் வாங்கி ஓட்டினார்கள். கதவில் ஏதோ ஒரு பிரபு குடும்பத்தின் மரபுச் சின்னம் மங்கிப் போயிருக்கும், உள்ளே காலடியில் ஈர வைக்கோல் கிடக்கும். 1823-இல் இரு சக்கரக் கேப் வண்டிகள் பன்னிரண்டு வந்தபோது நகரம் அவற்றைத் தூக்கிவைத்துக் கொண்டாடியதில் வியப்பில்லை. பழைய கோச்சுக்கு மைலுக்கு ஒரு ஷில்லிங், புது வண்டிக்கு 8 பென்ஸ். விரைவும் கூட.

1831-ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணிக்கை வரம்பையே நீக்கியது, 1833 தொடக்கத்திலிருந்து. இனி நிபந்தனைகளுக்கு உட்பட்டு யார் வேண்டுமானாலும் வண்டி இறக்கலாம். அதே சட்டத்தில் ஒரு சின்னப் பிரிவு உண்டு: தெருவில் குதிரைக்குத் தீனி போடுவதானால் தானியத்தைப் பையில் கட்டிக் கொடுக்க வேண்டும், புல்லானால் கையில் பிடித்தே ஊட்ட வேண்டும், தரையில் கொட்டக்கூடாது. லண்டன் டாக்சிக்காரர் வண்டியில் ஒரு கட்டுப் புல் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததாக இன்றும் சுற்றிவரும் கதை இதிலிருந்து முளைத்ததுதான். சட்டம் சொன்னது அதுவன்று. குப்பை போடாதே என்பதைத்தான் சொன்னது.

1843-க்குள் ஓட்டுநருக்கும் தனி உரிமமும் எண் பொறித்த வில்லையும் கட்டாயமாயின. 1850-இல் ஓட்டுநர் உரிமம் வழங்கும் வேலை காவல் ஆணையரின் கைக்குப் போனது. வண்டியின் உரிமமும் வரி வசூலும் உள்நாட்டு வருவாய்த் துறையிடம் இருந்தன. ஒரே வண்டிக்கு இரண்டு எஜமானர்கள்.

கொட்டகையின் கணக்கு

இந்தப் பகுதி இல்லாமல் ஜூலையில் நடந்தது விளங்காது.

வண்டியும் குதிரையும் பெரும்பாலும் ஓட்டுநருடையவை அல்ல. கொட்டகை முதலாளியிடம் காலையில் வண்டியை எடுக்கும்போதே அன்றைய வாடகை முடிவாகிவிடும். நம் ஊரில் வாடகை ஆட்டோ எடுத்து ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும், சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தத் தொகை முதலாளிக்கு. மீறி வருவதுதான் ஓட்டுநருக்கு. சீமான்கள் ஊரில் இருக்கும் கோடைப் பருவத்தில் இந்த நாள் வாடகை 15 ஷில்லிங்கைச் சுற்றி இருந்தது. அவர்கள் கிராமத்து மாளிகைகளுக்குப் போய்விடும் குளிர்காலத்தில் இறங்கும்.

முதலாளிகளிலும் இரண்டு வகை. ஏராளமான குதிரைகளை வைத்து நடத்தும் பெரிய கொட்டகைக்காரர்கள் ஒரு பக்கம். ஒன்றோ இரண்டோ வண்டி வைத்துக்கொண்டு, ஒன்றைத் தானே ஓட்டும் சிறு முதலாளிகள் இன்னொரு பக்கம். நீண்ட நேரம் ஓடும் வண்டிக்கு ஒரு நாளைக்கு இரண்டு குதிரைகள் வேண்டும், ஒன்று களைத்ததும் மாற்ற. தீவனம், லாடம், சேணம், சக்கரப் பழுது, லாயக் கூலி, வாரம் 10 ஷில்லிங் வரி எல்லாம் முதலாளியின் பாடு.

இவர்களுக்கும் கீழே உரிமம் இல்லாத ஒரு கூட்டம் இருந்தது. உரிமம் பெற்ற ஓட்டுநர் சாப்பிடவோ கண்ணயரவோ போகும்போது வண்டியைக் கொஞ்ச நேரம் வாங்கி ஓட்டிச் சில காசு பார்ப்பவர்கள். சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள். ஆனால் ஒரு ஆள் நாள் முழுக்க இடைவிடாமல் ஓட்டினால்தான் வாடகை கட்டும் என்ற ஏற்பாடு இருக்கும்வரை அவர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

கவனிக்கப்பட்டவை

1851-இல் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்தவர்களின் வருகை அறுபது லட்சத்தைத் தாண்டியது. வெளியூர்க்காரர்கள், வெளிநாட்டினர், லண்டனில் வழி தெரியாதவர்கள். நகரத்தின் வண்டிகளைப் பற்றிய புகார்கள் ஏற்கெனவே இருந்தவைதான், இப்போது சத்தமாயின.

அவற்றை வகைப்படுத்தினால் மூன்று தேறும். கூடுதலாகக் கேட்கிறார்கள், மறுத்தால் வசை பாடுகிறார்கள். குறுகிய தூரத்துக்கும் ஆளில்லாப் பகுதிக்கும் வர மறுக்கிறார்கள். வண்டி அழுக்கு, குதிரை நொண்டி, நோயாளியை மருத்துவமனையில் இறக்கிவிட்டு அதே இருக்கையில் அடுத்தவரை ஏற்றுகிறார்கள். மூன்றும் உண்மை என்றே கொள்ளலாம். பத்திரிகைகளில் வந்த கடிதங்களை மிகை என்று தள்ளினாலும், ஓட்டுநர்களுக்காகப் பேசியவர்கள்கூட இவற்றை முழுதாக மறுக்கவில்லை.

கட்டணத் தகராறுக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. வண்டியில் மீட்டர் இல்லை. லண்டனில் டாக்சி மீட்டர் கட்டாயமானது 1907-இல்தான். மைல் கணக்கு என்பது ஓட்டுநரின் மதிப்பும் பயணியின் மதிப்பும் மோதிக்கொள்ளும் இடம். பயணிகள் பையில் வைத்துக்கொள்ளத் தூரப் பட்டியல் கையேடுகள் விற்றன. ஆனால் கையேட்டில் இருப்பது இந்தச் சதுக்கத்திலிருந்து அந்தப் பாலம் வரை. பயணி ஏறியதோ சதுக்கத்துக்கு முன் மூன்றாவது வீட்டில். ஒரு மைலைத் தாண்டி நாலு முழம் போனாலும் கூடுதல் கட்டணம் சேரும் என்பதால், அந்த மூன்று வீட்டுத் தூரத்துக்கு ஒரு முழுச் சண்டையே போடலாம்.

ஜூன் மாதச் சட்டமும் அதன் காரணங்களும்

பிரதமர் அபர்டீனின் அமைச்சரவையில் உள்துறை பாமர்ஸ்டனிடம் இருந்தது. மசோதாவை மக்களவையில் நடத்திச் சென்றவர் அவருடைய துணைச் செயலர் ஹென்றி ஃபிட்ஸ்ராய். 1853 ஜூன் 28-இல் அது சட்டமானது. வண்டிக்காரர்கள் கடைசிவரை அதை ஃபிட்ஸ்ராயின் பெயரைச் சொல்லியே திட்டினார்கள்.

முதல் முடிவு தரம் பற்றியது. வண்டியும் குதிரையும் பொதுப் பயன்பாட்டுக்குத் தகுதியானவை என்று காவல் ஆணையர் சான்று தந்தால்தான் வருவாய்த் துறை உரிமம் தரும். கெட்டுப்போனால் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம். இது சரியான முடிவு, காலத்தால் நிலைத்தும் இருக்கிறது.

இரண்டாவது, மறுப்பு பற்றியது. தக்க காரணமின்றி ஓட்டுநர் சவாரியை மறுக்க முடியாது. ஏறிய இடத்திலிருந்து ஆறு மைல் வரை எங்கு கேட்டாலும் போக வேண்டும். வண்டியில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை பேரையும் ஏற்ற வேண்டும். நியாயமான அளவு மூட்டை முடிச்சுக்குத் தனிக் காசு கேட்கக்கூடாது.

மூன்றாவதை நான் மிகவும் ரசிக்கிறேன். பயணி ஏறும்போது ஓட்டுநர் தன் வண்டி எண் அச்சிட்ட ஒரு சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும். இறங்கிப் போனபிறகு 'எந்த வண்டி?' என்று விழிக்க வேண்டியதில்லை. கட்டணத்தில் தகராறு வந்தால் பயணி, 'பக்கத்துக் காவல் நீதிமன்றத்துக்கு ஓட்டு' என்று சொல்லலாம். நீதிபதி அங்கேயே விசாரித்துத் தீர்ப்பார். நீதிமன்றம் கூடாத நேரமானால் காவல் நிலையத்தில் புகாரைப் பதிவு செய்து மறு அமர்வில் விசாரணை. கூடுதலாகக் கேட்டதோ மறுத்ததோ உறுதியானால் 40 ஷில்லிங் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. சண்டை போட்ட இருவரும் ஒரே வண்டியில், ஒருவர் உள்ளேயும் ஒருவர் ஓட்டுநர் இருக்கையிலும் அமர்ந்து நீதிமன்றம் போகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஏழை ஓட்டுநருக்கு அந்தப் பயணமே பாதி தண்டனை. காத்திருக்கும் நேரத்தில் ஓடாத சவாரிகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நான்காவது முடிவு கட்டணம். மைலுக்கு 8 பென்ஸாக இருந்தது 6 பென்ஸ் ஆனது. மணிக்கணக்கில் அமர்த்தினால் மணிக்கு 2 ஷில்லிங். அப்படி அமர்த்தியவர் மணிக்கு நான்கு மைலுக்கு மேல் ஓட்டச் சொன்னால் அதிகப்படியான மைல்களுக்குத் தனியே கொடுக்க வேண்டும்.

கட்டணத்தை ஏன் குறைத்தார்கள்? விலை குறைந்தால் சவாரி கூடும் என்ற நம்பிக்கை. பலர் சேர்ந்து ஏறும் குதிரைப் பேருந்துகளான ஆம்னிபஸ் வண்டிகள் மலிவாக ஆட்களை அள்ளிக்கொண்டிருந்தன. கேப் வண்டியும் மலிவானால் நடுத்தர வர்க்கம் ஏறும், கூட்டம் கூடும், வருமானம் ஈடாகும் என்பது வாதம். ஆறு பென்ஸ் ஒரே வெள்ளிக்காசு. சில்லறைத் தகராறும் குறையும். அன்றைய பொருளாதாரச் சிந்தனைக்கு இது பிழையாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

இப்போது கொட்டகைக்குத் திரும்புவோம். நாள் வாடகை 15 ஷில்லிங் என்றால் 180 பென்ஸ். பழைய கட்டணத்தில் அதைத் தேற்ற இருபத்திரண்டரை மைல் கட்டணச் சவாரி வேண்டும். புதிய கட்டணத்தில் 30 மைல். காலி வண்டியாகத் திரும்பும் தூரமும் ஸ்டாண்டில் நிற்கும் நேரமும் இதில் சேராது. முப்பதாவது மைல் முடியும்வரை ஓட்டுநரின் சட்டைப்பைக்கு ஒரு பென்னிகூட வராது. சவாரி மூன்றில் ஒரு பங்கு கூடினால்தான் பழைய இடத்துக்கே வந்து நிற்கலாம். அப்போதும் குதிரை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஓடியிருக்கும். அதன் தீனியை யார் கொடுப்பது? கட்டணத்தைத் தொட்ட சட்டம் நாள் வாடகையைத் தொடவில்லை, அரசே வாங்கும் வாரம் 10 ஷில்லிங் வரியையும் தொடவில்லை.

இதற்கிடையே அதே சட்டத்தில் தெருக்களில் விளம்பர வண்டிகளைத் தடைசெய்யும் பிரிவு ஒன்றும் இடம்பெற்றது. மரத்தில் கோபுரம் போலக் கட்டி, சுவரொட்டி ஒட்டி, குதிரை பூட்டித் தெருத் தெருவாக இழுத்துப் போனவை. அவற்றுக்காக யாரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை.

மூன்று நாட்கள்

ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் நீதிமன்றங்களில் வழக்குகள் வரத் தொடங்கின. பயணிகள் தங்கள் புதிய உரிமையைத் தாராளமாகவே பயன்படுத்தினார்கள். நான்கு பேர் பெட்டிகளோடு ஏறி, ஒரு மைல் போய், ஆறு பென்ஸை நீட்டினால் சட்டப்படி அது சரிதான். ஓட்டுநர் முணுமுணுத்தால் அவருடைய எண் சீட்டு பயணியின் கையில் இருக்கிறது. மாலையில் வாடகை கட்ட முடியாமல் ஓட்டுநர்கள் முதலாளிகளிடம் நின்றார்கள். முதலாளிகள் வாடகையைக் குறைக்கலாம், அல்லது வண்டியை நிறுத்தலாம். அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இதை வண்டியோட்டிகளின் வேலைநிறுத்தம் என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். கொட்டகைக் கதவைச் சாத்தியவர்கள் பெருமளவில் வண்டியின் சொந்தக்காரர்கள். ஓட்டுநருக்கு நிறுத்துவதற்குச் சொந்தமாக வண்டியே கிடையாது.

ஜூலை 27, புதன். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடிய நகரில் ஸ்டாண்டுகள் வெறிச்சோடின. குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டும் ஆட்கள் வாளியும் கையுமாகச் சும்மா நின்றார்கள். ரயில் நிலையங்களில்தான் பாடு அதிகம். யூஸ்டன், பேடிங்டன், வாட்டர்லூ, திறந்து ஓராண்டுகூட ஆகாத கிங்ஸ் கிராஸ் எல்லாவற்றிலும் கோடைப் பருவத்துக் கூட்டம். பெட்டி தூக்கும் கூலியாட்களுக்கு யோகம் அடித்தது. ஆம்னிபஸ்கள் பிதுங்கின. காய்கறி வண்டி, சரக்கு வண்டி என்று சக்கரம் உள்ளதெல்லாம் ஆள் ஏற்றத் தொடங்கின. நாடாளுமன்றம் அப்போது கூடியிருந்தது. இரவு அமர்வு முடிந்து, சட்டத்துக்கு வாக்களித்தவர்களும் நடந்தே வீடு போனார்கள்.

பொதுமக்களின் அனுதாபம் கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை. பல ஆண்டு வசவையும் அதிகக் கட்டணத்தையும் அனுபவித்தவர்களுக்கு இது மிரட்டலாகவே பட்டது. முதலாளிகளுக்கும் நீண்ட நாள் தாங்காது. வண்டி ஓடாவிட்டாலும் குதிரை தின்னும், வாரம் பிறந்தால் வரி வாசலில் வந்து நிற்கும். ஒற்றை வண்டிக்காரர்கள் முதலில் தளர்ந்தார்கள். ஜூலை 30, சனிக்கிழமை வண்டிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன. மைலுக்கு ஆறு பென்ஸ் அப்படியே இருந்தது.

ஆகஸ்ட்: பாதித் திருத்தம்

அடுத்த மாதமே இரண்டாவது சட்டம் வந்தது. வாரம் 10 ஷில்லிங்காக இருந்த வரி நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் என்று ஆனது, அதாவது வாரம் 7. ஞாயிற்றுக்கிழமை ஓடாத வண்டிக்கு 6. இரண்டு பேருக்கு மேல் ஏறினால் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 6 பென்ஸ். முன்னறிவிப்பு இல்லாமல் இரண்டு நாள் வண்டியை நிறுத்தினால் சொந்தக்காரருக்கு அபராதம். ஜூலை மறுபடி நடக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இரண்டு சட்டங்களும் சேர்ந்து நிலைத்த கட்டண முறையில், சேரிங் கிராஸிலிருந்து நான்கு மைல் வட்டத்துக்கு வெளியே பயணியை இறக்கிவிட்டால் வட்டத்தைத் தாண்டிய மைல்களுக்கு ஒரு ஷில்லிங் வீதம். ஊர்க்கோடியிலிருந்து காலியாகத் திரும்புவதற்கான ஈடு அது.

நான்கு பேர் ஆறு பென்ஸில் போகும் கொடுமை நீங்கியது. அது உண்மையான நிவாரணம். ஆனால் வரிக் குறைப்பு யாருக்குப் போனது என்று பார்க்க வேண்டும். வரி கட்டுபவர் முதலாளி. மிச்சமான வாரம் 3 ஷில்லிங் அவருடைய கணக்கில் விழுந்தது. கட்டணக் குறைப்பின் இழப்போ ஓட்டுநருடையது. இருபத்திரண்டரை மைலில் மைலுக்கு 2 பென்ஸ் போனால் நாளைக்கு 45 பென்ஸ், மூன்றே முக்கால் ஷில்லிங். ஒருவர் ஒரு நாளில் இழந்ததைவிடக் குறைவான தொகை, ஒரு வாரத்துக்கு, இன்னொருவருக்குக் கிடைத்தது. முதலாளி அதை நாள் வாடகையில் இறக்கித் தந்தால் ஓட்டுநருக்கும் பங்கு வரும். தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

அதன் பிறகு

தரக் கட்டுப்பாடு வேலை செய்தது, ஆனால் மெதுவாக. காவல் துறையின் பரிசோதனையும் எண் சீட்டும் நிலைத்தன. 'தொலைந்த பொருளை 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சேர்க்க வேண்டும்' என்ற பிரிவும் நிலைத்தது. இதே அச்சில்தான் பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவுக்கும் வாடகைக் குதிரை வண்டிச் சட்டத்தை 1879-இல் கொண்டுவந்தது. உரிமம், விளக்கு, கட்டணப் பட்டியல், பரிசோதனை, தொலைந்த பொருள் என்று நகராட்சிகள் விதி செய்யலாம் என்றது. 

கட்டணத்தில் மட்டும் லண்டன் ஓயவில்லை. நாடாளுமன்றம் மைல் கணக்குப் பார்ப்பது பொருந்தாது என்று 1869-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை உள்துறை அமைச்சரிடம் கொடுத்தது. அவரவர் கட்டணத்தை அவரவரே கொடியில் எழுதிப் பறக்கவிடலாம் என்று சிறிது காலம் விட்டும் பார்த்தார்கள். எடுபடவில்லை. குறைந்தபட்சம் ஒரு ஷில்லிங் என்ற ஏற்பாடு வந்தது. மைலுக்கு ஆறு பென்ஸ் என்ற அடிப்படையோ குதிரை வண்டிகளின் காலம் முடியும்வரை ஏறத்தாழ அப்படியே கிடந்தது.

நாள் வாடகைக்கு என்ன ஆயிற்று? 1894 மே மாதம் மறுபடியும் வண்டிகள் நின்றன. இம்முறை ஓட்டுநர்கள், முதலாளிகளுக்கு எதிராக. அரசின் கட்டணத்தைப் பற்றி அல்ல, கொட்டகையில் கேட்கும் வாடகையைப் பற்றி. நான்கு வாரம் போல நீடித்தது. கடைசியில் உள்துறை அமைச்சர் ஆஸ்க்வித் நடுவராக அமர்ந்து, ஆண்டின் பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும் நாள் வாடகைப் பட்டியலை வகுத்துத் தந்தார். 1853-இல் யாரும் திறக்காத கதவு, 41 ஆண்டு கழித்துத் திறந்தது.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

பின்னாலிருந்து பார்த்துக் குறை சொல்வது எளிது என்பதை ஒப்புக்கொண்டே எழுதுகிறேன்.

முதலாவது, வரிசை. வரிக் குறைப்பும் கூடுதல் ஆளுக்கான கட்டணமும் ஆகஸ்டில் சாத்தியமானவை என்றால் ஜூனிலும் சாத்தியமானவைதான். சுமையை முதலில் ஏற்றி, கூச்சல் கேட்டபிறகு நிவாரணம் கொடுத்ததால், நிவாரணம் பணிந்துபோனது போலவும் சட்டம் பழிவாங்கியது போலவும் ஒரே நேரத்தில் தோன்றியது.

இரண்டாவது, மசோதா யார் சொன்னதைக் கேட்டு எழுதப்பட்டது என்பது. பயணியின் புகார் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பிரிவு இருக்கிறது. ஓட்டுநரின் ஒரு நாள் வரவு செலவைக் காட்டும் வரி ஒன்றுகூட இல்லை. கொட்டகை ஒன்றில் ஒரு காலை நேரம் நின்று, முதலாளி நோட்டில் என்ன எழுதுகிறார் என்று பார்த்திருந்தால் முப்பது மைல் கணக்கு அங்கேயே தெரிந்திருக்கும்.

மூன்றாவது, தீவனம். கட்டணம் சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டதால் அதை மாற்ற இன்னொரு சட்டம் வேண்டும். ஓட்ஸும் வைக்கோலும் அப்படிக் காத்திருப்பதில்லை. 1853 விளைச்சல் மோசமான ஆண்டு, அடுத்த ஆண்டு கிரிமியப் போர். கட்டணத்தைத் தீவன விலையோடு பிணைக்க முடியாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை மறுபார்வை பார்க்கும் அதிகாரத்தையாவது காவல் ஆணையரிடமோ உள்துறையிடமோ அப்போதே கொடுத்திருக்கலாம். 1869 வரை காத்திருந்தார்கள்.

நீதிமன்றத்துக்கு ஓட்டும் பிரிவை மட்டும் நான் நீக்க மாட்டேன், ஒரே ஒரு திருத்தம் சேர்ப்பேன்: வழக்கில் ஓட்டுநர் பக்கம் தீர்ப்பானால், அங்கே போய்வந்த தூரத்துக்கும் காத்திருந்த நேரத்துக்கும் பட்டியல் விலையில் கட்டணத்தைப் பயணி அங்கேயே எண்ணி வைத்துவிட்டுப் போக வேண்டும். மணிக்கு இரண்டு ஷில்லிங்.